பனைமரப் பெருஞ்சிலந்தி: பிடிக்கலாமா, வளர்க்கலாமா?

தூத்துக்குடியிலிருந்து குளத்தூர், வேம்பார், சாயல்குடி வழியாக இராமநாதபுரம் வரை செல்லும் கடலோரப் பகுதி மானாவாரி நிலமும் பனங்காடும் நிறைந்தது. பனையும் உடையும் புளியும் இங்குள்ள சிறு விவசாயிக்குச் சொத்து. இம்மரங்களின் பொந்து, பட்டை இடுக்கு, பன்னாடை ஆகியவற்றில் ஓணான், பல்லி, தேள், பூரான் என்று பல உயிர்கள் குடியிருப்பதை எல்லோரும் அறிவர். இந்தக் கரையின் வடகோடியில், இராமேஸ்வரம் தீவிலும் அதை ஒட்டிய இராமநாதபுரம் மாவட்டத் தோப்புகளிலும், உள்ளங்கை அளவுக்குக் கால் விரிக்கும் உரோமம் அடர்ந்த ஒரு பெருஞ்சிலந்தி வாழ்கிறது. உலகில் மிக அருகிப்போன சிலந்திகளுள் இது ஒன்று.

இந்த இனத்தைச் சேர்ந்த சிலந்திகளை அயல்நாடுகளில் கிளி, மீன் வளர்ப்பது போலக் கண்ணாடிப் பெட்டியில் வைத்து வளர்க்கிறார்கள். டரான்டுலா என்பது அங்கு வழங்கும் பொதுப்பெயர். இப்பழக்கம் நம் இளைஞர்களிடமும் பரவி வருகிறது. 2021ஆம் ஆண்டு ஜூலை மாதம் போலந்து நாட்டிலிருந்து வந்த ஒரு தபால் பார்சலைச் சென்னையில் சுங்க அதிகாரிகள் பிரித்துப் பார்த்தபோது, தெர்மகோல் பெட்டிக்குள் 107 சிறு பிளாஸ்டிக் குப்பிகளும், ஒவ்வொரு குப்பியிலும் பஞ்சும் வெள்ளித்தாளும் சுற்றிய ஓர் உயிருள்ள சிலந்தியும் இருந்தன. பார்சலில் இருந்த முகவரி அருப்புக்கோட்டை! தூத்துக்குடியிலிருந்து மதுரை போகும் வழியில் உள்ள ஊர்தான். வெளிநாட்டுச் சிலந்தி இவ்வளவு தூரம் வருகிறது என்றால், நம் சிலந்தியைத் தேடி ஆள் வருவதற்கும் நேரமாகாது. அப்படி வந்து கேட்டால் என்ன செய்வது என்பதை விவசாயிகள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பது நல்லது.

எது அந்தச் சிலந்தி?

வீட்டுச் சுவரில் இரவில் ஓடும் தட்டையான பழுப்பு நிறப் பெரிய எட்டுக்கால் பூச்சியைப் பலரும் இதுவென்று எண்ணிக் கொள்கிறார்கள். அது வேறு. அது வயிற்றின் அடியில் வட்டமான வெள்ளை முட்டைப் பையைச் சுமந்து திரியும். கரப்பான் பூச்சியைத் தின்னும். வீட்டுக்கு நன்மை செய்வது. நெல் வயலில் புகையானைப் பிடித்துத் தின்னும் ஓநாய்ச் சிலந்தியும் வேறு. டரான்டுலா வகையின் உடல் கனத்தது; கால்கள் தடித்து உரோமம் மூடியவை. மற்றச் சிலந்திகளின் நச்சுப் பற்கள் இடுக்கி போல ஒன்றையொன்று நோக்கி மூடும். இதன் பற்கள் இரண்டும் இணையாக, மேலிருந்து கீழாகக் குத்தும். இந்த ஒரு வேறுபாடே போதுமான அடையாளம் என்றாலும், அதைப் பார்க்கும் அளவுக்கு யாரும் கிட்டே போக வேண்டாம்.

மரத்தில் வாழும் நம் நாட்டு இனங்களுக்குப் பொயிசிலோதீரியா என்று பெயர். புள்ளி போட்ட விலங்கு என்பது இந்தக் கிரேக்கச் சொல்லின் பொருள். சாம்பலும் கறுப்பும் வெள்ளையும் கலந்த கோலம் மரப்பட்டையோடு ஒட்டி நிற்கும். பகலில் எதிரே இருந்தாலும் கண்ணுக்குப் படாது. சினம் வந்தால் முன்னங்கால்களைத் தூக்கும். அப்போது அடிப்பக்கத்து மஞ்சள் நிறம் பளிச்சென்று தெரியும். "நெருங்காதே" என்பதற்கு அதுவே அறிவிப்பு. இலங்கைத் தமிழர் இவ்வகையைப் புலிமுகச் சிலந்தி என்பார்கள்.

இந்தியாவிலும் இலங்கையிலும் மட்டுமே இந்தப் பேரினம் உண்டு. இராமேஸ்வரத்து இனத்தை 2004இல் ஆண்ட்ரூ ஸ்மித் என்ற பிரிட்டிஷ் ஆய்வாளர் விவரித்து வெளியிட்டார். அங்குள்ள ஹனுமவிலாசம் கோயிலின் தோப்பில் கிடைத்ததால், கோயில் பெயரையே ஹனுமவிலாசுமிகா என்று சிலந்திக்கும் வைத்தார். தோப்பு கோயிலுடையது என்பதால் வெட்டுப்படாமல் இருந்தது, சிலந்தியும் தப்பியது. 2008இல் இந்த இனம் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் மிக அபாயத்தில் உள்ளது என்று சேர்க்கப்பட்டது. அது பரவியிருந்த மொத்தப் பரப்பே நூறு சதுர கிலோமீட்டருக்குக் குறைவு என்பது அப்போதைய கணிப்பு. பின்னர் 2015இல் இலங்கையின் மன்னார்ப் பகுதியிலும் இருப்பதாக அந்நாட்டு ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். கடலைக் கடக்கத் தெரியாத உயிர் இரு கரையிலும் இருக்கிறது என்றால், கடல் மட்டம் தாழ்ந்திருந்த பழங்காலத்தில் இரு நிலமும் ஒட்டியிருந்ததற்கு இதுவும் ஒரு சாட்சி.

மரத்தில் அதன் பிழைப்பு

இச்சிலந்தி வலை பின்னி இரை பிடிப்பதில்லை. பகல் முழுவதும் பொந்துக்குள் இருந்துவிட்டு, இருட்டியதும் வாசலுக்கு வந்து காத்திருக்கும். மரத்தில் நடமாடும் பாச்சை, கரப்பான், விட்டில், வண்டு போன்றவை கிட்டே வந்தால் பாய்ந்து பிடிக்கும். கண்பார்வை மிகக் குறைவு. கால் உரோமத்தின் வழியாகவே அதிர்வை உணர்கிறது.

சிலந்திக்கு எலும்பு இல்லை, மேல்தோலே சட்டம். வளர வேண்டுமானால் பாம்பைப் போலச் சட்டை உரிக்க வேண்டும். குட்டிகள் சில வாரங்களுக்கு ஒருமுறை உரிக்கும். வளர்ந்த பெண் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறை உரிக்கும். உடைந்த கால் அடுத்தடுத்த உரிப்பில் மீண்டும் வளரும். பெண் பத்தாண்டுக்கு மேலும் உயிர் வாழக்கூடியது. ஆண் பருவமடைந்தபின் சில மாதங்களில் இறந்துவிடும். ஆகவே தோப்பில் நிலைத்துக் குடியிருப்பது பெண்ணே. அதுவே முட்டைப் பையைக் காக்கிறது. குஞ்சுகள் பொரித்தபின் தாயோடு ஒரே பொந்தில் சில காலம் சேர்ந்திருப்பதும் இவ்வினத்தின் வழக்கம். பிடிக்க வருபவன் தேடுவதும் அந்தப் பெரிய பெண்ணைத்தான். ஒரு பொந்தைக் குடைந்து எடுத்தால் தாயும் ஓராண்டுக் குஞ்சுகளும் ஒரே நாளில் போய்விடும். நாலைந்து பழைய மரங்களை நம்பி வாழும் கூட்டம் அதன்பின் தேறுவது கடினம்.

கண்ணாடிப் பெட்டியில் வளர்க்கும் முறை

பொழுதுபோக்காக வளர்ப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று அறிந்தால் இந்த உயிரின் தன்மை விளங்கும். பணம் எங்கே இருக்கிறது, எங்கே இல்லை என்பதும் விளங்கும்.

மரச் சிலந்திக்கு உயரமான பெட்டி வேண்டும். உள்ளே நிறுத்தி வைத்த மரப்பட்டை அல்லது பொந்துள்ள கட்டை, அடியில் தென்னை நார்க் கழிவு, ஒரு சிறு தண்ணீர்க் கிண்ணம் இருக்கும். காற்றுப் போக ஓரங்களில் துளைகள் இருக்க வேண்டும். ஈரம் தேங்கினால் பூசணம் பிடித்துச் சிலந்தி சாகும். பெரிய சிலந்திக்கு வாரம் ஒரு பாச்சை போதும். குஞ்சுகளுக்கு இன்னும் அடிக்கடி, அவற்றின் வயிற்றளவுக்குச் சிறிய இரை கொடுக்கிறார்கள். தீனிச் செலவு மிகக் குறைவு. வளர்ப்பவருக்குத் தேவைப்படுவது பொறுமைதான்.

முக்கியமாகக் கவனிப்பது சட்டை உரிக்கும் காலம். அதற்கு முன் சிலந்தி தீனி எடுக்காது, நிறம் மங்கும், பொந்து வாயை நூலால் அடைத்துக் கொள்ளும். உரிக்கையில் மல்லாந்து கிடக்கும். புதிதாக வளர்ப்பவர் செத்துவிட்டது என்று எண்ணித் தூக்கி எறிவதும் உண்டு! அச்சமயம் பெட்டிக்குள் பாச்சை இருந்தால் அது மெல்லிய தோலைக் கடித்துச் சிலந்தியையே கொன்றுவிடும். உரித்தபின் பற்கள் இறுகுவதற்குப் பல நாட்கள் ஆகும். அதுவரை தீனி கொடுப்பதில்லை.

கையில் எடுத்து விளையாடுவதை அனுபவமுள்ளவர் செய்வதில்லை. ஒரு முழ உயரத்திலிருந்து விழுந்தாலே கனத்த உடல் கொண்ட சிலந்தியின் வயிறு வெடித்துவிடலாம். அமெரிக்கக் கண்டத்து இனங்கள் பலவற்றுக்கு வயிற்றின் மேல் அரிக்கும் உரோமம் உண்டு. பின்னங்காலால் உதறிக் கண்ணில் பட வைக்கும். நம் நாட்டு இனங்களுக்கு அந்த உரோமம் இல்லை. அதற்குப் பதிலாக ஓட்டமும் கடியும் அதிகம். திறமையானவர் கையிலிருந்தும் கண்ணிமைக்கும் நேரத்தில் தப்பி ஓடும் உயிர் இது.

இதில் வருமானம் உண்டா?

"பட்டுப்புழு வளர்க்கிறோம், தேனீ வளர்க்கிறோம், இதையும் வளர்த்து ஏற்றுமதி செய்தால் என்ன?" என்ற கேள்வி எழலாம். கேள்வி நியாயமானதே. தூத்துக்குடிக்காரர்களுக்கு இதற்கு ஓர் உள்ளூர் எடுத்துக்காட்டும் உண்டு. 1961க்குப் பிறகு இங்கு முத்துக்குளிப்பு நின்றுபோனது. சிப்பியை வளர்த்து முத்து எடுக்கும் முறையை 1973இல் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தார் இதே தூத்துக்குடியில் வெற்றிகரமாகச் செய்து காட்டினார்கள். கடலிலிருந்து அள்ளுவதற்கும் வளர்த்து எடுப்பதற்கும் உள்ள வேறுபாடு இந்த ஊருக்குப் புதிதல்ல.

ஆனால் சிலந்தியின் கணக்கு வேறு. ஒரு முட்டைப் பையில் ஐம்பதிலிருந்து நூறுக்கு மேலும் குஞ்சுகள் வரும். இந்திய இனங்கள் பலவற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பல்லாண்டுகளாகப் பெட்டியிலேயே பெருக்கி வருகிறார்கள். ஆந்திராவின் கூத்தி நீலச் சிலந்தியே சான்று. 1899இல் கூத்தி ரயில் நிலைய மரக்கிடங்கில் கிடைத்த ஒரே ஒரு சிலந்தியைக் கொண்டு அது விவரிக்கப்பட்டது. நூறாண்டு கழித்தே நந்தியாலுக்கும் கித்தலூருக்கும் இடைப்பட்ட காட்டில் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. காட்டில் இன்றும் மிக அரிது. அயல்நாட்டுப் பெட்டிகளிலோ ஏராளம். ஆகவே வளர்ப்புக் குஞ்சுக்கு அங்கே பெரிய விலை கிடைக்காது. ஏற்றுமதி அனுமதி இல்லாத சிலந்திக்கு நேர்மையான வியாபாரியும் கிடைக்கமாட்டான். மிஞ்சுவது திருட்டு வியாபாரம் ஒன்றே. அதில் மரத்தடியில் பிடித்துக் கொடுப்பவனுக்குக் கிடைப்பது சொற்பம். வழக்கு வந்தால் முதலில் மாட்டுபவனும் அவனே.

புதுப் பிராணி வளர்ப்பில் பணம் கொட்டும் என்று யாரேனும் முன்பணம் கேட்டால் 2012ஆம் ஆண்டை நினைத்துக் கொள்ள வேண்டும். ஈமு கோழித் திட்டங்களில் முதலீடு செய்த கொங்கு நாட்டு விவசாயிகள் பட்டபாடு அதிகம். வாங்குவோர் இல்லாத பிராணிக்குத் தீனி போட்டு மாளவில்லை.

சட்டம் சொல்வது என்ன?

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்தாலும் சிலந்திகளை நெடுங்காலம் அது கண்டுகொள்ளவில்லை. 2019இல் ஜெனீவாவில் கூடிய சர்வதேச வனஉயிர் வர்த்தக உடன்படிக்கை மாநாட்டில் பொயிசிலோதீரியா இனங்கள் அனைத்தும் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன. ஏற்றுமதிக்கு அரசின் அனுமதிச் சீட்டு வேண்டும் என்பது இதன் பொருள். பிறகு 2022இல் நம் சட்டமும் திருத்தப்பட்டு, உடன்படிக்கைப் பட்டியலிலுள்ள உயிர்களும் அட்டவணைக்குள் கொண்டுவரப்பட்டன. 2023 ஏப்ரல் முதல் இது நடைமுறையில் உள்ளது. இத்தகைய உயிரை வைத்திருப்பவர் அரசிடம் தெரிவித்துப் பதிவு செய்ய வேண்டும். இதற்கான விதிகள் 2024இல் வெளியாயின. சட்டத்தின் பொதுவான தண்டனை மூன்றாண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். "என் நிலத்து மரத்தில்தானே பிடித்தேன்" என்ற வாதம் இதிலிருந்து காப்பாற்றாது.

கடலட்டையின் கதையை இக்கரையில் அறியாதவர் இல்லை. உள்ளூரில் யாரும் உண்ணாத, யாரும் திரும்பிப் பாராத ஓர் உயிர்; வெளிநாட்டில் விலை உண்டு என்றதும் வலை நிறைய அள்ளினார்கள். 2001இல் தடை வந்தது. அதன்பின் எத்தனை குடும்பங்கள் வழக்கில் சிக்கின என்பதை அந்தந்த ஊர்க்காரர்களே சொல்வார்கள். பணம் பார்த்தவர்கள் வேறு எங்கோ இருக்கிறார்கள்.

பனை ஏறுவோர் கவனத்திற்கு

பொயிசிலோதீரியா கடித்து மனிதர் இறப்பது வழக்கமில்லை. ஆனாலும் கடி சாதாரணமல்ல. உடனே எரிச்சலும் வீக்கமும் இருக்கும். சில மணி நேரம் கழித்துக் கை, கால், மார்புத் தசைகள் கடுமையாக இழுத்துப் பிடிக்கலாம். இந்தத் தசைப்பிடிப்பு அடங்கியது போலிருந்து சில நாட்களுக்குப் பின்னும் திரும்ப வருவது உண்டு. கடித்த இடத்தைச் சோப்புப் போட்டுக் கழுவி, மோதிரம், காப்பு, கயிறு இவற்றைக் கழற்றிவிட்டு, ஈரத் துணியைக் குளிர வைத்துப் போட்டு, அரசு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். கீறுவது, வாயால் உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது கூடாது. இதற்கென்று தனி முறிமருந்து இல்லை. வலிக்கும் தசைப்பிடிப்புக்கும் டாக்டர் சிகிச்சை தருவார். இருட்டில் எது கடித்தது என்று தெரியாவிட்டால், சிலந்தி என்று தாமே முடிவு கட்டிக்கொண்டு வீட்டில் படுத்துவிடக் கூடாது. கட்டுவிரியன் கடியில் வலியே தெரியாமல் இருக்கலாம். பாம்புக்கடியாகவே கருதிப் புறப்பட வேண்டும்.

பனை ஏறுவோருக்கு நஞ்சைவிடப் பெரிய ஆபத்து திடுக்கிடுவதுதான். நாற்பது அடி உயரத்தில் கை தவறினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நெடுநாள் ஏறாமல் விட்ட மரத்தில் பதநீர்க் காலத்தின் முதல் ஏற்றத்தைப் பகல் வெளிச்சத்தில் வைத்துக் கொள்வது நல்லது. பன்னாடைக்குள் கையை விடுமுன் பாளை அரிவாளின் பிடியால் மட்டையை நாலு தட்டுத் தட்ட வேண்டும். அதிர்வு கேட்டால் சிலந்தி எதிர்த்து வராது. மறுபக்கம் ஓடி ஒளியும். தேளுக்கும் இதே முறை உதவும்.

உடம்பில் கொப்புளம் கண்டால் "சிலந்தி எச்சில் பட்டது" என்று மந்திரிக்கப் போகும் வழக்கம் சிற்றூர்களில் இன்னும் மாறவில்லை. வரிசையாகக் கொப்புளித்து எரியும் அக்கி, அம்மை நோய்க் கிருமியால் வருவது. சிலந்திக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது. தொடக்கத்திலேயே டாக்டரிடம் காட்டினால் வேதனை குறையும்.

தோப்பில் செய்ய வேண்டியவை

பழைய புளிய மரத்துப் பொந்தில் மண்ணெண்ணெய் ஊற்றுவது, தீ வைப்பது, சிமென்ட் பூசி அடைப்பது ஆகியவற்றைக் கைவிட வேண்டும். பொந்துள்ள மரம் காய்ப்பில் சற்றுக் குறைந்தாலும் வரப்போரம் ஒன்றிரண்டை விட்டு வைப்பதால் நட்டமில்லை. ஆந்தையும் அங்கேதான் தங்கி எலி பிடிக்கிறது. பதநீர் இறக்கும் பனைகளைச் சுத்தம் செய்வது அவசியம். இறக்காத பனைகளிலும் விடலிகளிலும் அடிமட்டைகளைச் சீவாமல் விட்டுவிடலாம். பனங்காட்டுச் சருகுக்குத் தீ வைப்பது சிலந்திக்கு மட்டுமல்ல, முளைத்து வரும் வடலிக்கும் கேடு. பனையை வெட்டுவதற்குக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021இல் தமிழக அரசு அறிவித்ததையும் நினைவில் வைக்க வேண்டும்.

சிலந்தி வளர்க்க ஆசைப்படும் பிள்ளைகள் இருந்தால் அடிக்கத் தேவையில்லை. மரத்திலேயே வளர்க்கச் சொல்லலாம். டார்ச் விளக்கின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித் தாள் ஒட்டி, இரவு எட்டு மணிக்கு மேல் நான்கைந்து அடி தள்ளி நின்று பார்த்தால் சிலந்தி கலையாமல் பொந்து வாசலில் இருக்கும். என்ன இரை பிடித்தது, எந்த மாதம் வாசலை அடைத்தது, சட்டை எப்போது கீழே கிடந்தது என்று நோட்டில் தேதியோடு எழுதி வரலாம். உரித்த சட்டையில் பற்கள் உட்பட எல்லாம் முழுதாக இருக்கும். உயிரைத் தொடாமலே இனத்தைக் கண்டறிய அது உதவும். பெரிய சிலந்தி எதுவும் தென்பட்டால் ஒரு போட்டோ எடுத்து, ஊரும் மரமும் தேதியும் குறித்து, கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரியிலோ பக்கத்து வனச்சரக அலுவலகத்திலோ காட்டலாம். எந்த மரம் என்பதை மட்டும் வழிப்போக்கரிடம் சொல்ல வேண்டாம்.